தளவானூரில் கேட்ட ஒரு கேள்வி



செஞ்சிக் கோட்டை பார்க்கப் போகும் நம்மில் பலர் அந்தப் பக்கத்திலேயே இருக்கும் தளவானூருக்குப் போவதில்லை. அடுத்த முறை அவசியம் போய் வாருங்கள். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில் அங்கே இருக்கிறது. பெயர் சத்ருமல்லேஸ்வரம். சத்ருமல்லன் என்பது அந்த மன்னனின் பட்டப்பெயர்களில் ஒன்று.

நான் போய் வந்தபோது கோயிலோடு சேர்ந்து ஒரு பெரியவரின் கேள்வியும் மனதில் தங்கிவிட்டது. அவருடைய மல்லாட்டைக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்டிருந்தன. "ஒரு தோட்டா போட்டா முடிஞ்சிடும். அதுக்கு ஏன் சார் இவ்வளவு சட்டம்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீடு திரும்பிப் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

வேட்டை நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று ஊடுருவி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் மேல் தைக்கிறது. பாடிய வன்பரணருக்கு அது மன்னனின் பெருமை. துப்பாக்கி வேட்டைக்காரரோ இதைக் குறையாகச் சொல்வார். மிருகத்தைத் துளைத்து மறுபக்கம் போகும் குண்டு, தன் வேகத்தின் பெரும்பகுதியை வெளியே கொண்டுபோய்விடும். துளை சிறியது, அடிபட்ட மிருகம் ஓடிவிடும்.

அதனால்தான் மிருகத்துக்கு ஏற்ற குண்டு வேண்டும் என்றார்கள். யானையின் மண்டை எலும்பைத் துளைக்க, முழுதும் உலோக உறை போட்ட கெட்டிக் குண்டு. மான், புலிக்கு, முனையில் ஈயம் தெரியும் மென்முனைக் குண்டு. உள்ளே போனதும் காளான்போல் விரிந்து அங்கேயே வேலையை முடிக்கும். பறவைக்குச் சிறு ரவை. அதே ரவையைப் பன்றி மேல் சுட்டால் தோலிலும் சதையிலும் தங்கிப் புண்ணாகுமே தவிர, பன்றி சாகாது. விரியும் குண்டுகளில் பெயர்பெற்றது, 1890களில் கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச்சாலையில் தயாரானது. மனிதர்மேல் போரில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 1899இல் ஹேக் மாநாட்டில் முடிவானது. ஆனால் அதே வகைக் குண்டுதான் வேட்டையில் மிருகத்தை அதிக வேதனையில்லாமல் கொல்வது.

குண்டு சரியாக இருந்தாலும், படும் இடம் தவறினால் பயனில்லை. பக்கவாட்டில் நிற்கும் மிருகத்தின் முன்னங்காலை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால்தான் இதயமும் நுரையீரலும். அங்கே பட்டால் சீக்கிரம் விழும். ஒரு சாண் தள்ளி வயிற்றில் பட்டால் புதருக்குள் போய் மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் துடிக்கும். ஆண் பன்றிக்கோ தோளின்மேல் கேடயம்போல் தடித்த தோல் வேறு. அடிபட்டதைத் தேடிப் போய் முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பது நல்ல வேட்டைக்காரர்களின் விதி.

அந்த விதியை மீறினால் என்ன ஆகும்? ஜிம் கார்பெட் 1907இல் சுட்ட சம்பாவத் பெண்புலி, நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வாயைப் பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரிடம் வந்தது என்கிறார் கார்பெட். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது: ஒருவர் முடிக்காமல் விட்ட கணக்கை 436 பேர் கட்டியிருக்கிறார்கள்.

சட்டமும் இதைப் புரிந்துகொண்டே வந்திருக்கிறது. நீலகிரியில் வேட்டையைக் கட்டுப்படுத்த 1879லேயே தனிச் சட்டம் வந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், உரிமம் பெற்றவர்கூடப் பெரிய விலங்குகளை ரைபிளால்தான் சுட வேண்டும், விஷம், வெடி, வலை கூடாது என்றது. 1991 திருத்தத்தோடு அந்த உரிமங்களும் போயின.

பெரியவரின் நஷ்டமும் பொய்யில்லை. அதற்கும் ஒரு வழி வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர் மட்டுமே.

நாட்டுத் துப்பாக்கியும் பழத்துக்குள் வைக்கும் நாட்டு வெடியும் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை. 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி வைத்த பழத்தைக் கடித்து வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரிலேயே நின்று உயிர்விட்ட கர்ப்பிணி யானையை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

மறுபடி தளவானூர் போனால் அந்தப் பெரியவரைத் தேடிப் பார்த்துச் சொல்வேன்: "ஐயா, ஒரு தோட்டா போட்டா முடியறதில்லை. எதைப் போடறது, எங்கே போடறதுன்னு தெரியாதவர் போட்டா அங்கேதான் ஆரம்பிக்குது. வனத்துறைக்கு மனு எழுதுங்க. எழுதிக் கொடுக்க நான் இருக்கேன்."