வீட்டுத் தரவுக் காப்புக்கான வன்தட்டு அடுக்கு

வன்தட்டு அடுக்கு என்பது இரண்டோ அதற்கு மேலோ வன்தட்டுகளை ஒரே பெட்டிக்குள் வைத்து, கணினிக்கு ஒற்றைச் சேமிப்பிடமாகக் காட்டும் கருவி. கணினிக்கு வெளியே, தனக்கென மின்கம்பியும் விசிறியும் கொண்டு நிற்கும். யூ.எஸ்.பி. அல்லது தண்டர்போல்ட் கம்பியால் ஒரு கணினியோடு நேரடியாக இணைவது ஒரு வகை. ரவுட்டரில் செருகப்பட்டு, வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் பொதுவாக இருப்பது இன்னொரு வகை. இதை 'நாஸ்' என்பார்கள். இரண்டின் நோக்கமும் ஒன்றே: ஒரு வன்தட்டு செத்தாலும் அதிலிருந்த கோப்புகள் பிழைக்க வேண்டும்.

செத்துப்போவது வன்தட்டு மட்டுமல்ல. பெட்டியின் மின்வழங்கி எரியலாம், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு பழுதாகலாம், அதைச் செய்த நிறுவனமே மூடப்படலாம். ஆகவே பெட்டி வாங்கும்போது வேகத்தையும் அறைகளின் எண்ணிக்கையையும் பற்றிக் கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பெட்டி போன பிறகு, இதிலுள்ள வன்தட்டுகளை வேறு எதில் போட்டுப் படிக்க முடியும்?

தோற்றம்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். பெருங்கணினிகளுக்கான விலையுயர்ந்த ஒற்றை வட்டுக்குப் பதிலாக, மேசைக் கணினிகளுக்காகச் செய்யப்படும் மலிவான சிறு வட்டுகள் பலவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வாதம். ஆனால் வட்டுகள் கூடக்கூட அவற்றில் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடுகிறது. அதைச் சமாளிக்க, தரவோடு கொஞ்சம் உபரித் தகவலையும் சேர்த்தே எழுத வேண்டும் என்றார்கள். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ரெய்டு. பெயரில் 'மலிவான' என்று பொருள்பட்ட சொல்லைப் பின்னாளில் தொழில்துறையினர் 'தனித்தனியான' என்று பொருள்படும் சொல்லாக மாற்றிக்கொண்டார்கள்.

அடுக்கும் முறைகள்

ரெய்டு 0 என்பது கோப்பைத் துண்டுகளாக்கி எல்லா வட்டுகளிலும் பரப்பி எழுதுவது. வேகம் கிடைக்கும், காப்பு கிடைக்காது. ஒரு வட்டு போனால் எல்லாமே போகும். இரண்டு அறைப் பெட்டிகளில் சில, கடையிலிருந்து வரும்போதே இந்த முறையில் அமைக்கப்பட்டிருக்கும். பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ரெய்டு 1 கண்ணாடி முறை. ஒரு வட்டில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் அப்படியே எழுதப்படும். 8 டெராபைட் வட்டுகள் இரண்டு போட்டால் கிடைப்பது 8 டெராபைட்தான். விண்டோஸ் அதையும் 7.28 என்றே காட்டும். உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

ரெய்டு 5க்கு மூன்று வட்டுகளாவது வேண்டும். இதன் உள்வேலை அழகானது. நான்கு வட்டு அடுக்கில், மூன்று வட்டுகளில் ஒரே இடத்திலுள்ள பிட்டுகள் 1, 0, 1 என்றால், மீதி வட்டில் 0 எழுதப்படும். முதல் மூன்றும் 1, 0, 0 என்றால் 1 எழுதப்படும். அதாவது, வரிசையிலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்குமாறு கடைசி பிட் நிரப்பப்படுகிறது. நான்கில் எந்த வட்டு காணாமல் போனாலும், மீதி மூன்றையும் பார்த்து விடுபட்டதைக் கணக்கிட்டுவிடலாம். 8 டெராபைட் வட்டுகள் நான்கில் 24 டெராபைட் கிடைக்கும். ரெய்டு 6 இதே கணக்கை இரண்டு முறை வெவ்வேறு வழிகளில் செய்து வைக்கிறது. இரண்டு வட்டுகள் போனாலும் தாங்கும், அதே நான்கில் 16 டெராபைட் மிஞ்சும். ரெய்டு 10 என்பது கண்ணாடி இணைகளைப் பரப்பி எழுதுவது.

காகிதத்தில் ரெய்டு 5 சிக்கனமானது. வட்டுகள் பெரிதான பிறகு அதன் பலவீனம் தெரியவந்தது. பழுதான 12 டெராபைட் வட்டுக்குப் பதிலாகப் புதியதைப் போட்டு, விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் நிரப்பினாலும் ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும். நடைமுறையில் இதைவிட நீளும். அவ்வளவு நேரமும் மீதி வட்டுகள் முழு மூச்சாக ஓட வேண்டும். அவை பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை, வயதும் ஒன்றே. போதாததற்கு, வீட்டு உபயோக வட்டுகள் பலவற்றின் விவரத்தாளில், 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகள் படிப்பதற்குள் மீட்க முடியாத பிழை ஒன்றுக்கு மேல் வராது என்றே உறுதி தரப்படுகிறது. அது சுமார் 12.5 டெராபைட். மேலே சொன்ன 8 டெராபைட் வட்டுகள் நான்கின் அடுக்கை மீட்க 24 டெராபைட் படித்தாக வேண்டும். உண்மையில் வட்டுகள் இந்த உறுதியைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன என்றாலும், குழந்தையின் படங்களை அந்த நம்பிக்கையின் மேல் வைக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பத்துக்கு இரண்டு வட்டுக் கண்ணாடி முறையே போதும். இடம் பற்றாவிட்டால் ரெய்டு 6.

கண்ணாடி முறைக்கு வேறொரு சிறப்பும் உண்டு. மென்பொருளால் அமைக்கப்பட்ட எளிய கண்ணாடியில் ஒவ்வொரு வட்டும் தன்னளவில் முழுமையானது. பெட்டி இல்லாமலும் அதைப் படித்துவிட வாய்ப்பு அதிகம்.

பெட்டி மூடிக்கொள்ளும்போது

டேட்டா ரோபாட்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2007இல் ட்ரோபோ என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெவ்வேறு கொள்ளளவு வட்டுகளைக் கலந்து போடலாம், எந்த அமைப்பும் செய்ய வேண்டாம், விளக்கு சிவந்தால் அந்த வட்டை மட்டும் மாற்றினால் போதும். புகைப்படக்காரர்கள் பலர் அதை விரும்பி வாங்கினார்கள். ஆனால் தரவை அடுக்கிய முறை அந்த நிறுவனத்துக்கே உரியது. இன்னொரு ட்ரோபோவைத் தவிர வேறெதிலும் அந்த வட்டுகள் திறக்காது. பின்னாளில் அதை வாங்கிய ஸ்டோர்சென்ட்ரிக் நிறுவனம் 2022இல் திவால் பாதுகாப்பு கோரியது, 2023இல் கலைப்புக்குப் போனது. பெட்டி பழுதானவர்கள் பழைய ட்ரோபோ எங்கே கிடைக்கும் என்று தேடும் நிலை வந்தது. வட்டுகளில் தரவு முழுதாக இருந்தும் கைக்கு எட்டவில்லை.

இதனால்தான் திறந்த முறையில் அடுக்கும் பெட்டிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். லினக்ஸின் இயல்பான மென்பொருள் ரெய்டைப் பயன்படுத்தும் நாஸ் பெட்டியிலிருந்து வட்டுகளைக் கழற்றி, லினக்ஸ் ஓடும் சாதாரணக் கணினியில் பொருத்திப் படிக்கலாம். தைவானின் சைனாலஜி நிறுவனம் தன் பெட்டிகளுக்கு இந்த வழிமுறையைத் தானே விளக்கி வெளியிட்டிருக்கிறது. அதே நிறுவனம் 2025இல் சில புதிய மாடல்களில் தன் பெயரிட்ட அல்லது தான் சான்றளித்த வட்டுகளே செல்லும் என்று கட்டுப்பாடு விதித்தது. எதிர்ப்புக்குப் பிறகு அவ்வாண்டு அக்டோபரில் தளர்த்தியது. நல்ல பெயரெடுத்த நிறுவனமும் பாதி வழியில் விதியை மாற்றலாம் என்பதால், திறந்த முறை என்ற நிபந்தனையை விட்டுக்கொடுக்கக் கூடாது. சில்லிலேயே ரெய்டு செய்யும் யூ.எஸ்.பி. பெட்டிகளில் கவனம் இன்னும் அதிகம் தேவை. சில்லு போனால் அதே மாடல் பெட்டி வேண்டியிருக்கலாம். நேரடி இணைப்புப் பெட்டிதான் வேண்டும் என்றால், வட்டுகளைத் தனித்தனியாகவே கணினிக்குக் காட்டும் பெட்டியை வாங்கி, கண்ணாடியைக் கணினியின் இயங்குதளத்தில் அமைப்பது மேல்.

அடுக்கு காக்காதவை

1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறான ஓர் அழிப்புக் கட்டளையால் மளமளவென்று மறைந்தன. காப்புநகல்களைத் தேடியபோது அவை சரியாகப் பதிவாகவில்லை என்பது தெரிந்தது. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த, படக்குழுவைச் சேர்ந்த கேலின் சஸ்மன், தன் வீட்டுக் கணினியில் ஒரு நகல் வைத்திருந்தார். படம் அதிலிருந்து மீண்டது. கண்ணாடி முறை இங்கே உதவாது. ஒரு வட்டில் அழித்தால் மற்றதிலும் அதே நொடியில் அழியும். பணம் பறிக்கும் ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டினாலும் இரண்டிலும் பூட்டும். ரெய்டு என்பது காப்புநகல் அல்ல.

பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி இன்றும் செல்லும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளங்களுக்குள் வெள்ளம் புகுந்தபோது, மேசைக்கடியில் இருந்த கணினிக்கும் அதன் பக்கத்தில் இருந்த காப்பு வட்டுக்கும் ஒரே கதிதான். அடுக்குப் பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உறவினர் வீட்டு அலமாரியில் ஒரு தனி வன்தட்டு இருக்கட்டும்.

நாஸ் பெட்டியை இணையத்துக்குத் திறந்து விடுவது தனி ஆபத்து. 2021 ஜூனில், 2015க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பே பெறாத மை புக் லைவ் என்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் பெட்டிகள் பலவற்றை யாரோ தொலைவிலிருந்து வெறுமையாக்கினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் நுழைந்த க்யூலாக்கர் என்ற தீநிரல், கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிப் பணம் கேட்டது. ரவுட்டரில் அந்தப் பெட்டிக்கான வெளிவாசலை அடைத்து வைப்பதும், புதுப்பிப்புக் காலம் எப்போது முடியும் என்று வாங்குமுன் பார்ப்பதும் அவசியம்.

வட்டுகள்

வட்டுகள் வாங்கும்போது பதிவு முறையைப் பார்க்க வேண்டும். ஓடு வேய்வதுபோல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து எழுதும் வட்டுகளில் அதிக இடம் கிடைக்கும். ஆனால் ஒரு தடத்தைத் திருத்த அடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால் அடுக்கை மீட்கும் வேலையில் தடுமாறும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில வட்டுகள் இவ்வகை என்பதை ஒப்புக்கொண்டது. பிறகு வழக்கமான முறையில் எழுதுபவற்றை ரெட் பிளஸ் என்ற பெயரில் பிரித்தது.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளைக் கவனித்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வருடல் பிழை (வட்டைப் பின்னணியில் படித்துச் சோதிக்கும்போது தென்படும் பிழை) தோன்றிய வட்டு அடுத்த 60 நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு, பிழையற்ற வட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். எனவே மாதம் ஒருமுறை எல்லா வட்டுகளையும் முழுக்கப் படித்துப் பார்த்து, பிழை கண்டால் மின்னஞ்சலில் சொல்லும் பெட்டி வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகை எழுதும் இசட்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ். கோப்பு முறைகள் இதைவிட ஒரு படி மேல்: கண்ணாடியின் இரு பக்கங்களும் வேறுபட்டால் எது சரி என்பதும் அவற்றுக்குத் தெரியும்.

எழுதும் நடுவில் கரண்ட் போனால் ரெய்டு 5, 6 முறைகளில் தரவும் கணக்கும் பொருந்தாமல் போகலாம். பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறு யூபிஎஸ்ஸும், கரண்ட் போனதை யூபிஎஸ் சொன்னவுடன் தானே மூடிக்கொள்ளும் வசதியும் இருக்க வேண்டும்.

வாங்கிய வாரத்திலேயே செய்ய வேண்டிய சோதனை

மூலப்பிரதி வேறிடத்தில் இருக்கும் கோப்புகள் சிலவற்றை மட்டும் பெட்டியில் ஏற்றவும். ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டு மாற்றலாம் என்று கையேடு சொன்னால் ஒரு வட்டை உருவவும். எச்சரிக்கை வருகிறதா, கோப்புகள் திறக்கின்றனவா பார்க்கவும். புதிய வட்டைப் போட்டு, மீட்பு முடிய எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளவும். பிறகு பெட்டியை அணைத்து, வட்டுகளைக் கழற்றி, லினக்ஸ் ஓடும் ஒரு கணினியில் பொருத்திக் கோப்புகளைப் படிக்கவும். படிக்க முடிந்தால், செய்த படிகளை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிட்டு, குடும்பப் படங்களை ஏற்றலாம். முடியாவிட்டால், கடையின் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வேறு பெட்டி பார்க்கலாம்.