கோட்டையில் நெல் இல்லை: 1753-ன் திருச்சி

ஸ்ரீவேணுகோபாலனின் 'திருவரங்கன் உலா' படித்தவர்களுக்கு ஸ்ரீரங்கத்துச் சண்டை என்றாலே 1323 படையெடுப்புதான் ஞாபகம் வரும். அந்தக் கதையைத் தாங்குவது ராஜாக்கள் இல்லை, பெருமாளைத் தூக்கிக்கொண்டு காடு மலையெல்லாம் அலைந்தவர்கள். பல வருஷம் கழித்து விக்ரகம் திரும்பியபோது, இதுதான் பழைய பெருமாள் என்று அடையாளம் சொன்னவர் கண் தெரியாத ஒரு வயதான வண்ணார் என்பது கோயில் மரபு. திருமஞ்சன ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தைக் குடித்துப் பார்த்து, "இவரே நம்பெருமாள்" என்றாராம்.

அதே மாதிரி ஆட்களை வைத்து 1751 முதல் 1754 வரையிலான திருச்சியை ஒருத்தர் எழுதணும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. பாடப்புத்தகம் அதைக் கர்நாடகப் போர் என்று சொல்லி, இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன் என்று இரண்டு கட்சியாகப் பிரித்து முடித்துவிடும். ஊர்க்காரர்களுக்கு அது ஒரே ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் போட்ட உள்நாட்டுச் சண்டை. 1749-ல் ஆம்பூரில் அன்வருதீன் செத்ததும் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்கு ஓடி வந்தார். எதிரே சந்தா சாகிப். கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததுகூட திருச்சியைச் சுற்றி நின்ற படையை அங்கே இழுப்பதற்காகத்தான்.

1752 ஏப்ரலில் சந்தா சாகிபும் பிரெஞ்சுத் தளபதி லாவும் ஸ்ரீரங்கம் தீவுக்குள் பின்வாங்கினார்கள். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், அதைத் தாண்டி சமயபுரத்தில் கிளைவ். பாண்டிச்சேரியிலிருந்து எதுவும் வர வழியில்லை. ஸ்ரீரங்கத்தின் வெளிமதில்களுக்குள் இருப்பது வெறும் பிராகாரம் இல்லை, வீடும் கடையுமாக ஜனங்கள் குடியிருக்கும் வீதிகள். அதனால் படையை உள்ளே வைத்துப் பூட்டினால் ஊரையும் சேர்த்துத்தான் பூட்டியாக வேண்டும். ஜூனில் லா சரணடைந்தார். தஞ்சாவூர்த் தளபதி மானோஜியை நம்பிப் போன சந்தா சாகிபின் தலை போனது. அவர் படையில் இருந்த ஆயிரம் ராஜபுத்திரர்கள் மட்டும் கோயிலை விட்டு நகரவில்லை. மூன்றாம் மதிலுக்குள் கால் வைத்தால் வெட்டுவோம் என்று ஜெயித்தவர்களிடமே சொன்னார்கள் என்று கம்பெனியின் சரித்திரக்காரர் ராபர்ட் ஒர்ம் எழுதுகிறார். தோற்ற பக்கத்துச் சிப்பாய்கள் இவர்கள்!

இதோடு முடிந்திருந்தால் திருச்சி பிழைத்திருக்கும். உதவிக்கு வந்த மைசூர் நஞ்சராஜருக்கு முகமது அலி ரகசியமாகத் திருச்சியையே தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்கவில்லை. நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்து, ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கோட்டைக்குப் போகும் தானியத்தை மறித்தார். நேற்றுவரை காப்பாற்ற வந்த படை இன்று பட்டினி போடுகிறது.

1753 தொடக்கத்தில் கோட்டைக் காவலில் இருந்தவர் கேப்டன் டால்டன். களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவர் கேட்கும்போதெல்லாம் தாராளமாக இருக்கிறது என்றே பதில் வந்தது. கடைசியில் விஷயம் வெளியே வந்தபோது கையிருப்பு மூன்று வாரத்துக்குத்தான் தேறியது. களஞ்சியப் பொறுப்பில் இருந்தவர் நவாபின் மைத்துனர் கைருதீன். நல்ல விலை கிடைத்த நேரத்தில் நெல்லை விற்றுவிட்டிருக்கிறார், அப்புறம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில். என்னைக் கேட்டால், பொன்மலையில் நடந்த சண்டையைவிட இந்த வியாபாரம்தான் அந்த வருஷத்தின் பெரிய சம்பவம். ஜனங்கள் சோறு கிடைக்காமல் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டுப் போனார்கள். வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் அந்த நெல் எத்தனை நாள் வந்திருக்கும்?

பிறகு கோட்டைக்கு அரிசி வந்தது தெற்கே புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையிலிருந்து. மாடுகளில் ஏற்றி, பாதுகாப்புக்குச் சிப்பாய்கள் கூட வர, வழியெல்லாம் சண்டை. அந்தச் சண்டைகளை ஒர்ம் பக்கம் பக்கமாக எழுதுகிறார், தளபதிகளின் பெயர் எல்லாம் இருக்கிறது. மாட்டை ஓட்டி வந்தவன் பெயர் இல்லை. 1754 அக்டோபரில் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது திருச்சி முகமது அலி கையில்தான் இருந்தது.

நாவலை எங்கே ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் களஞ்சியத்து வாசலைத்தான் காட்டுவேன். நெல்லை அளந்து போடுகிற ஒருத்தன், தன் வீட்டுக்கும் இரண்டு படி வாங்கிப் போகிறவன், எவ்வளவு வெளியே போகிறது என்று தெரிந்தவன். டால்டன் ஆள் அனுப்பிக் கேட்கிறபோது அவன் பக்கத்திலேயே நிற்கிறான்.