ஐரோப்பியக் குதிரைவீரரின் எஃகுக் கவசமும் அதன் தேய்வும்

துப்பாக்கி தோன்றியது, கவசம் மறைந்தது என்று பொதுவரலாறுகள் சுருங்கக் கூறிச் செல்லும். இக்கூற்று எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதைக் கி.பி. 1550 முதல் 1650 வரையுள்ள ஐரோப்பியக் குதிரைப் படையின் கவசத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் கால முறையே இக்கூற்றிற்குத் தடையாக நிற்கின்றது. பதினைந்தாம் நூற்றாண்டிலேயே துப்பாக்கி ஐரோப்பியப் போர்க்களங்களில் வழங்கிவந்தது. அதே காலத்திலும் அதற்குப் பின்னருமே மிலான், ஆக்ஸ்பர்க், நியூரம்பர்க் நகரக் கொல்லர்களின் கவசத்தொழில் உச்சநிலை எய்தியது. ஆகவே துப்பாக்கியும் கவசமும் இருநூறு ஆண்டுகள் ஒருங்கே வாழ்ந்தன என்பது தெளிவு.

இவ்விரண்டிற்கும் நிகழ்ந்த போட்டியின் தன்மை யாது? பதினைந்தாம் நூற்றாண்டின் முழுக்கவசம் பொதுவாக 20 முதல் 25 கிலோகிராம் எடையுடையது. அவ்வெடை உடல் முழுதும் பரவி நின்றமையால், அணிந்தோன் எளிதில் இயங்க முடிந்தது. குண்டைத் தடுக்க வேண்டிய நிலை வந்ததும் கொல்லர்கள் மார்புத்தகட்டின் தடிப்பைப் பெருக்கினர். சிலர் அதன்மேல் மற்றொரு தகட்டையும் பொருத்தினர். செய்து முடித்த தகட்டின்மீது சுட்டுப் பார்ப்பதும், குண்டு பட்ட பள்ளத்தை உறுதிக்குச் சான்றாக விட்டுவைப்பதும் வழக்கமாயின. பதினேழாம் நூற்றாண்டில் ‘குய்ராசியர்’ எனப்பட்ட குதிரைவீரன் தலைமுதல் முழங்கால்வரை அணிந்த கவசம் 30 கிலோகிராமுக்கும் மேற்பட்டது. முழங்காலுக்குக் கீழே தடித்த தோற்காலணியே காப்பாயிற்று. பிரெஞ்சுப் படைத்தலைவர் லா நூ, 1587இல் வெளிவந்த தம் நூலில், வீரர் கவசம் பூணவில்லை, பட்டடைக் கல்லையே சுமக்கின்றனர் என்னும் கருத்துப்பட வருந்தி எழுதினார்.

இவ்வாறு கனத்த கவசம் குண்டைத் தடுத்ததா? தடுத்தது என்பதற்கு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் சான்று தருகின்றது. பாராளுமன்றப் பக்கத்துத் தலைவர் சர் ஆர்தர் ஹேசல்ரிக்கின் குதிரைப்படையினர் முழுதும் ஓடு போர்த்தாற்போல் தோன்றியமையால் ‘சிங்கி இறால்கள்’ எனப் பெயர் பெற்றனர். 1643 ஜூலை 13இல் ரவுண்ட்வே டவுன் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில், அரசர் பக்கத்து வீரர் ரிச்சர்டு அட்கின்ஸ் ஹேசல்ரிக்கை மிக அண்மையிலிருந்து பிஸ்டலால் சுட்டும் குண்டு உட்புகவில்லை. ஆயினும் அப்படை தோற்றோடியது. கவசம் உயிரைக் காத்தது, போரைக் காக்கவில்லை.

இதன் மறுதலையையும் காண்க. 1632இல் லூட்சன் போரில் ஸ்வீடன் அரசர் குஸ்தாவஸ் அடால்பஸ் எஃகுக் கவசமின்றித் தோற்சட்டை மட்டும் அணிந்து போரிட்டு மாண்டார். முன்னர்ப் பட்ட காயத்தால் எஃகின் அழுத்தத்தை அவர் பொறுக்க இயலாதிருந்தார். கவசத்தின் பயன் அதன் வலிமையை மட்டுமன்றி, அணிவோனின் பொறுக்கும் ஆற்றலையும் சார்ந்தது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரப் படைக்கலச் சாலையிலுள்ள பழைய துப்பாக்கிகளைக் கொண்டு 1988-89ஆம் ஆண்டுகளில் நடந்த சோதனைகளும் ஈண்டுக் கருதத்தக்கன. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள பதினாறாம் நூற்றாண்டுக் கவசத்தகட்டைப் பிஸ்டல் குண்டு துளைத்தது. ஆயினும் விசை தகட்டிலேயே செலவானமையால் பின்னிருந்த துணியைக் கிழிக்கவில்லை. பிஸ்டலினும் ஆற்றல் மிக்க மஸ்கட் துப்பாக்கியைத் தடுக்கவோ இன்னும் தடித்த தகடு வேண்டும். அத்தடிப்பை உடல் முழுதும் அணிதல் மனிதனுக்கும் குதிரைக்கும் ஏலாது.

ஆகவே கொல்லரும் படைத்தலைவரும் தேர்ந்தெடுக்கும் கட்டாயத்திற்கு ஆளாயினர். கைக்கவசமும் தொடைக்கவசமும் நீங்கின. மார்புத்தகடு, முதுகுத்தகடு, தலைச்சீரா ஆகியவை தோற்சட்டையோடு எஞ்சின. 1645இல் அமைந்த பாராளுமன்றத்தின் புதுமுறைப் படையில் குதிரைவீரரின் கோலம் பெரும்பாலும் இதுவே. பலருக்குக் கவசம் வழங்க வேண்டிய அக்காலப் பெரும்படைகளுக்குச் செலவு குறைந்த இவ்வமைப்பே ஏற்றதுமாயிற்று.

எஞ்சிய மார்புக்கவசம் நெடுங்காலம் வாழ்ந்தது. நெப்போலியனின் குய்ராசியர் அதனை அணிந்தே 1815இல் வாட்டர்லூவில் பொருதனர். 1914இல் முதல் உலகப்போர் தொடங்கியபோதும் பிரெஞ்சுக் குய்ராசியர் அதனைப் பூண்டே களம் புகுந்தனர்.

இவற்றால், கவசத்தைக் குண்டு ஒரே நாளில் வென்றுவிடவில்லை என்பதும், குண்டை எதிர்க்க ஏற்ற எடையே அதனை உறுப்புறுப்பாகக் குறைத்தது என்பதும் பெறப்படும். மறைவு என்பதினும் தேய்வு என்பதே இவ்வரலாற்றிற்குப் பொருந்தும் சொல் என்பது எம் கருத்து.