மூளையை உருவாக்கும் மரணம்

1938ஆம் ஆண்டில் முசோலினியின் அரசு இயற்றிய இனச் சட்டங்கள், இத்தாலிய யூதர்களைப் பல்கலைக்கழகப் பதவிகளினின்றும் விலக்கின. அவ்வாறு விலக்கப்பட்டோருள் ஒருவர் தூரின் நகரத்து இளம் மருத்துவரான றீற்றா லெவி-மொந்தால்சினி. அவர் மனந்தளராது தமது படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கினார். தையலூசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கினார். கோழிமுட்டைகளை ஆய்வுப் பொருளாகக் கொண்டார்.

அவரை ஈர்த்த வினா ஒன்றுண்டு. வளரும் கோழி முளையத்தின் சிறகரும்பை அகற்றினால், அச்சிறகுக்குரிய நரம்புக் கலங்கள் குறைந்துபோகின்றன. சிறகு இன்மையால் அக்கலங்கள் தோன்றவேயில்லை என 1934இல் விளக்கங் கூறினார் விக்ரர் ஹம்பேர்கர். இவரும் அமெரிக்காவில் இருந்தபோது நாற்சி ஆட்சியால் ஜேர்மனியிற் பதவி இழந்தவரே. லெவி-மொந்தால்சினியோ முளையங்களை நாள்தோறும் எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கினார். கலங்கள் தோன்றுகின்றன, வளர்கின்றன, பின்னரே மடிகின்றன என்பதைக் கண்டு, தம் ஆசிரியர் ஜூசெப்பே லெவியுடன் 1942இல் வெளியிட்டார்.

தம் கருத்தை மறுத்தவரை ஹம்பேர்கர் வெறுத்தாரல்லர்; 1947இல் சென் லூயிஸ் நகருக்கு அழைத்தார். சிறகரும்பு அகற்றப்படாத முளையத்திலும் நரம்புக் கலங்கள் பெருந்தொகையாய் மடிவதை இருவரும் 1949இல் எடுத்துக்காட்டினர். பிழைக்கும் கலங்களுக்கு ஊட்டமளிக்கும் பொருளொன்று, ஸ்ரான்லி கோஹெனின் துணையுடன் பின்னர் வெளிப்பட்டது. 1986இல் லெவி-மொந்தால்சினியும் கோஹெனும் நோபல் பரிசு பெற்றனர்.

பறவையிற் கண்டது பாலூட்டிக்கும் பொருந்துமா? 1960இல், அவ்வூட்டப் பொருளின் ஆற்றலைத் தடுக்கும் எதிர்ச்சீரம் புதிதாய்ப் பிறந்த சுண்டெலிகளுக்கு ஏற்றப்பட்டது. அவற்றின் பரிவு நரம்புத் திரட்டுகள் பெரும்பாலும் அழிந்தன. கலம் சுருங்கித் துண்டுபட, அயற்கலங்கள் அத்துண்டுகளை விழுங்கும் இவ்வொழுங்கான மரணத்துக்கு, இலையுதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 'அப்பொப்ரோசிஸ்' என 1972இற் பெயரிடப்பட்டது.

அம்மரணம் தடைப்பட்டால் மூளை சிறக்குமோ? 1996இல் விடை கிடைத்தது. கல மரணத்தை நிறைவேற்றும் 'கஸ்பேசு-3' என்னும் நொதியம் இல்லாத சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன. அவற்றின் மூளையில் கலங்கள் மிகுந்தன. மூளையின் அமைப்போ குலைந்தது. அச்சுண்டெலிகள் பிறந்து சில கிழமைகளுள் இறந்தன.

மடியவேண்டிய கலங்கள் மடிந்தாலன்றி மூளை உருப்பெறுவதில்லை. இவ்வுண்மைக்கு வழிதிறந்த அம்மையார் 103 வயதுவரை வாழ்ந்து, 2012இல் மறைந்தார். கலங்கள் தோன்றாமைக்கும் தோன்றி மடிவதற்கும் உள்ள வேறுபாட்டை உலகுக்கு முதலிற் காட்டியது, பதவி பறிக்கப்பட்ட ஒருவரின் படுக்கையறையே.