முத்துச் செவ்வும் எம்டி5 கணக்கும்

மணப்பாட்டுக்காரன் ஹாஷ் பத்தி எழுதினா முத்துல இருந்துதான் ஆரம்பிப்பான். பொறுத்துக்குங்க மக்களே.

தூத்துக்குடிக் கரையில கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிஞ்சுபோச்சு. பழைய முத்து வியாபாரத்துல விலை போட 'செவ்வு'ன்னு ஒரு கணக்கு உண்டு. மொத்த எடையை மஞ்சாடியில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் அடிப்படை. ஒரு கைப்பிடி முத்து ஒரே எண்ணாகிவிடும். எண்ணை மட்டும் வச்சு முத்தைத் திரும்ப வரவழைக்க முடியாது. ஆனா 2 மஞ்சாடி எடையுள்ள 2 முத்துக்கும், 4 மஞ்சாடி எடையுள்ள 8 முத்துக்கும் செவ்வு ஒண்ணுதான். போட்டுப் பாருங்க! வியாபாரிக்கு அதனால நஷ்டமில்லை. அவருக்கு வேண்டியது விலை.

ஹாஷுக்கு வேண்டியது அடையாளம். எவ்வளவு பெரிய கோப்பா இருந்தாலும் ஒரு குட்டி எண் வரணும், ஒரு எழுத்து மாறினாலும் அது அடியோட மாறணும், ஒரே எண் வர்ற ரெண்டு கோப்பை யாராலும் கண்டுபிடிக்க முடியக்கூடாது.

ரொனால்ட் ரிவெஸ்ட் உருவாக்கிய எம்டி5, ஏப்ரல் 1992-ல் ஆர்எஃப்சி 1321 ஆக வெளிவந்தது. பின்னிணைப்பில் முழு சி நிரலும் இருந்தது. அதுல மூணே படி: இனிட், அப்டேட், ஃபைனல். அதாவது தொடங்கு, ஊட்டிக்கிட்டே இரு, முடி. 100 ஜிபி கோப்பையும் துண்டு துண்டா ஊட்டலாம், நினைவகம் வீங்காது. இன்னிக்கு ரஸ்ட் மொழியின் ஷா2 நூலகத்தைத் திறந்தாலும் நியூ, அப்டேட், ஃபைனலைஸ்னு அதே மூணு படிதான். அதனால பொட்டி தட்டுறவங்களுக்குப் பழைய ஹாஷைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டுறது பல நேரம் ரெண்டு வரி வேலை.

நிற்க. சட்டத்துல அது எவ்வளவு வேலைன்னு பார்ப்போம்.

2000-ல் வந்த நம்ம தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு ஹாஷுக்கு விளக்கமே தருது. முடிவிலிருந்து மூல ஆவணத்தை மீட்பதும், ரெண்டு ஆவணங்களுக்கு ஒரே முடிவு வருவதும் கணக்கிட்டு நடத்த முடியாத காரியமா இருக்கணுமாம். நாடாளுமன்றச் சட்டத்துக்குள்ள இவ்வளவு கச்சிதமா ஒரு கணினிச் சங்கதியா! எனக்குப் புல்லரிச்சுது.

நாலே வருஷம். ஆகஸ்ட் 2004-ல் சீனாவின் வாங் சியாவ்யுன் குழு, எம்டி5-ல் ஒரே எண் தரும் வெவ்வேறு தரவுகளைக் காட்டிட்டாங்க. 2012-ல் வெளிப்பட்ட ஃபிளேம் வைரஸ் இதே ஓட்டை வழியா மைக்ரோசாஃப்ட் கையொப்பத்தையே போலியா போட்டுக்கிட்டு வந்துச்சு. பிப்ரவரி 2017-ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் ஒரே ஷா-1 எண் கொண்ட ரெண்டு பிடிஎஃப்களை வெளியிட்டன. ஆக, 2000-ஆம் வருஷச் சட்டம் கேக்குற தகுதி இப்ப இந்த ரெண்டுக்குமே இல்லை.

ஆனா 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4) சான்றிதழ்ப் படிவத்தைப் பாருங்க. மின்னணு ஆவணத்தின் ஹாஷ் எண்ணைக் கட்டாயம் கேக்குது, அது ரொம்ப நல்ல விஷயம். கீழேயே ஷா1, ஷா256, எம்டி5, மற்றவைன்னு கட்டங்கள்!

ஊர்ல ஒரு வக்கீல் அண்ணன் கேட்டார்: "தம்பி, எதை டிக் பண்ணட்டும்?"

"ஷா256 தாண்ணே."

"எம்டி5 போட்டா என்ன, கேஸ் நிக்காதா?"

நியாயமான கேள்வி. ஏற்கெனவே கைப்பற்றின கோப்புக்கு அதே எம்டி5 எண் வர்ற மாதிரி இன்னொண்ணைச் செய்ய இன்னிக்கும் நடைமுறையில் யாராலும் முடியலை. ஆபத்து வேற இடத்துல இருக்கு. கோப்பைத் தயாரிக்கிறவனே முன்கூட்டியே ஒரு ஜோடியைச் செஞ்சு வச்சுக்கிட்டு, ஒண்ணைக் கொடுத்துட்டு, அப்புறம் மத்ததைக் காட்டி "இதுதான் அது"ன்னு சாதிக்கலாம். எண் ஒத்துப்போகும். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத் தெரிஞ்சுக்கிட்டார்னா உண்மையான ஆதாரத்தின் மேலேயும் சந்தேகத்தைக் கிளப்பிடுவார்.

அண்ணன் தலையாட்டினார். "சரி, 256. ஆனா 64 எழுத்தையும் கையாலயா எழுதணும்?"

"காப்பி-பேஸ்ட்ண்ணே."