சிற்றாற்றுக் கரை மரங்கள்: குடிமராமத்து முதல் தன்னார்வ நடுகை வரை

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, பேரருவியாக விழுந்து, தென்காசியைக் கடந்து, ஏறத்தாழ 80 கி.மீ. ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழியில் அணைக்கட்டுகளாலும் கால்வாய்களாலும் குளங்களை நிரப்புகிறது. இக்குளங்களின் கரைகளில் இன்று தன்னார்வலர்கள் பனை விதை ஊன்றுகின்றனர். நாட்டு மரக்கன்றுகளை நடுகின்றனர். கரை மரங்களின் பொறுப்பு நீரைப் பயன்படுத்தும் குடிகளிடமிருந்து அரசுக்குப் போய், இப்போது மீண்டும் மக்களிடம் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரபுவழிக் காவல்

குற்றாலநாதர் கோயிலின் தலமரம் குறும்பலா. திருஞானசம்பந்தர் அதற்கெனத் தனிப் பதிகமே பாடியுள்ளார். நெல்லைச் சீமையில் சாஸ்தா கோயில்கள் பல குளக்கரையிலும் ஆற்றோரத்திலும் அமைந்தவை. பங்குனி உத்திரத்தன்று குடும்பங்கள் தத்தம் சாஸ்தாவைத் தேடிச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. இக்கோயில்களின் காட்டில் கோடரி படாததால் மருதும் நாவலும் இலுப்பையும் நிலைத்தன.

வழிபாட்டோடு உழைப்பும் சேர்ந்திருந்தது. ஆயக்கட்டுக் குடிகள் கூடிக் கால்வாயைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தியதே குடிமராமத்து. கரையை ஆண்டுதோறும் கண்காணித்தவர்களின் பார்வையிலேயே அதன் மரங்களும் வளர்ந்தன.

காலனிய மாற்றம்

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் உருவாயின. 1830-களில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் இங்கு ஏராளமான தாவரங்களைச் சேகரித்தார். மலையின் செல்வம் ஏட்டில் பதிவான அதே நூற்றாண்டில், குடிகளின் பிடி தளர்ந்தது. குடிமராமத்து நலிந்துவந்த நிலையில், 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் அதைத் தண்டனை அச்சத்தால் நிலைநிறுத்த முயன்றது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் காப்பில் கொண்டுவந்தது. நீரும் மரமும் வெவ்வேறு துறைகளின் பொருளாயின.

அரசு நடுகையும் அதன் விளைவும்

1950இல் மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கிய வன மகோத்சவம் மரநடுகையை ஆண்டு விழாவாக்கியது. 1981 முதல் ஸ்வீடன் நிதியுதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டம், தமிழகக் குளங்களின் நீர்ப்பிடிப்பில் கருவேலத்தைப் பெருமளவில் வளர்த்தது. விறகு கிடைத்தது; கரையோரப் பல்வகைமை திரும்பவில்லை. 1870-களில் வெளிநாட்டு விதையாக இந்தியா வந்த சீமைக் கருவேலம் நீர்நிலைகளை ஆக்கிரமித்தது. அதை அகற்றுமாறு 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியதாயிற்று.

தன்னார்வலர் காலம்

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்து, நாட்டு மரங்களை முன்னிறுத்தியது. இளைஞர் குழுக்களும் பள்ளிகளின் பசுமைப்படைகளும் இக்காலத்தில் களமிறங்கின.

இவர்களின் தேர்வில் பழைய அறிவு தெரிகிறது. பனம்பழம் விழும் ஆவணி, புரட்டாசியில் விதை சேர்த்து வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஊன்றினால், தண்ணீர் ஊற்றாமலே முளைக்கும். பனையின் சல்லி வேர்கள் கரைமண்ணைப் பிடித்துக்கொள்ளும். நீர்மருது வெள்ளத்தைத் தாங்கி ஆற்றோரத்தை அரிப்பிலிருந்து காக்கும். நாவல் விதை விரைவில் முளைப்புத்திறனை இழப்பதால், பழம் உதிரும் பருவத்திலேயே நாற்றுவிட வேண்டும். இடத்தேர்வும் முக்கியம்: மதகு, மறுகால் ஆகியவற்றை ஒட்டி மரம் வைத்தால் வேரே கட்டுமானத்தைப் பிளந்துவிடும்.

ஆனால் கரை மரங்களுக்கும் எல்லை உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. மலைச்சரிவில் கொட்டும் பெருமழையைக் கரை மரங்களால் மட்டும் தடுக்க இயலாது. மேலே காடும் கீழே நீர்வழியும் சேர்ந்தே காக்கப்பட வேண்டும்.

முடிவுரை

நடுவதற்கு ஒரு நாள் போதும். முதல் இரண்டு மூன்று கோடைகளில் ஆடுமாடுகளிடமிருந்து கன்றைக் காப்பவர் யார் என்பதே கேள்வி. இதற்கான சட்டக் கருவி கையில் இருக்கிறது. தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு முறைகள் மேலாண்மைச் சட்டம், 2000, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களை உருவாக்கியது. தன்னார்வலர் நடும் ஒவ்வொரு கரையையும் அந்தச் சங்கத்தின் பொறுப்பில் பதிவுசெய்து, தூர்வாரும் பணியோடு மரப் பராமரிப்பையும் இணைக்க வேண்டும். குடிமராமத்தின் உயிர்நாடி அந்த இணைப்பே. அது மீளும்போதுதான் சிற்றாற்றின் கரை மரங்களுக்கு நிலையான காவல் கிடைக்கும்.