ஜிஸ்ம் என்னும் சொல்லும் ஒரத்தநாட்டுச் சத்திரமும்

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் ஒரத்தநாட்டை அடைவோர், முக்தாம்பாள் சத்திரத்தைக் காணாமல் போவதில்லை. தேரும் குதிரையுமாகச் செதுக்கப்பெற்ற அதன் முகப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோர் பலர். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய அச்சத்திரம் வழிப்போக்கருக்குச் சோறிட்டதோடு நிற்கவில்லை. அங்கே தமிழ், தெலுங்கு, மராத்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு பாரசீகமும் கற்பிக்கப்பட்டது. தஞ்சைச் சத்திரங்களைக் குறித்து மன்னர் 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம், அவற்றில் நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் மருத்துவர் இருந்தமையையும், அநாதைக் குழந்தைகள் ஆளாகும் வரை பேணப்பட்டமையையும் கூறுகிறது. எச்சாதியார்க்கும் அங்கே உணவுண்டு.

அரசியல் அதிகாரம் 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கும்பெனியாரிடம் போய்விட்டது. கோட்டைக்குள் எஞ்சியிருந்த மன்னர், ஆட்சியில் செலவிட வேண்டிய பொழுதை நூல்களிலும் கருவிகளிலும் செலவிட்டார். சரசுவதி மகால் நூலகம் அவ்வாறு செழித்தது. மனித உடலைப் பற்றிய ஆராய்ச்சியில் அவருக்கு இருந்த ஆவல் அளவற்றது. ஆயினும் ஒரு தடை. மனித எலும்பைத் தீண்டுவதும் வைத்திருப்பதும் அவர் குல ஆசாரத்துக்கு ஒவ்வாது. 1804இல் தஞ்சைக்கு வந்த வேலன்ஷியா பிரபு, மன்னர் தந்தத்தாலான எலும்புக்கூடு ஒன்றைத் தருவித்துக்கொள்ள எண்ணியிருந்ததை எழுதி வைத்திருக்கிறார். தொடக்கூடாததைத் தொடாமலேயே அறிவதற்கு அவர் தேடிய வழி அது. சிலர் இதனைக் கேட்டு நகைக்கக்கூடும். நமக்கு நகைப்பு வரவில்லை. வேலியைத் தாண்டவும் மனமின்றி, அறிவை விடவும் மனமின்றித் தவித்தவர்களை நம் ஊர்களிலும் கண்டிருக்கிறோம்.

தன்வந்திரி மகாலில் ஆயுர்வேத, சித்த வைத்தியர்களோடு யூனானி ஹகீம்களும் ஆங்கில முறை மருத்துவர்களும் ஒருங்கே கூடினர். அங்கே தேறிய முறைகளைத் தொகுத்த 'சரபேந்திர வைத்திய முறைகள்' வரிசையில் கண் நோய்க்கென்றே ஒரு நூல் உண்டு. அதனினும் அரியவை, கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகள். நோயுற்ற விழிகளை வண்ணத்தில் தீட்டி, கண்ட நிலையையும் செய்த மருத்துவத்தையும் ஆங்கிலத்திலும் மோடி எழுத்திலும் பதிந்திருக்கிறார்கள்.

இவ்விடத்தில் நம் மத்ரஸா நாட்களை நினைவுகூர்தல் தகும். ஹிக்மத் பாடத்தில் உஸ்தாது அவர்கள், நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்றையும் ஏற்பது 'ஜிஸ்ம்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதே சொல் மனித உடலுக்கும் பெயர். கன வடிவத்தை 'முஜஸ்ஸம்' என்பதும் அதே வேரிலிருந்துதான். இன்னொரு வியப்பும் உண்டு. பஹாவுத்தீன் ஆமிலி (1547-1621) வான மண்டலங்களைக் குறித்து எழுதிய கிதாபுக்குத் 'தஷ்ரீஹுல் அஃப்லாக்' என்று பெயரிட்டார். தஷ்ரீஹ் என்பது உடற்கூறாய்வு. உடலையும் கோளத்தையும் ஒரே சொல்லால் பகுத்துப் பார்த்த மரபு அது. நாமோ இரண்டையும் வெவ்வேறு வகுப்புகளில் ஓதி, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காமலேயே வெளிவந்தோம்.

அவ்விரண்டும் கண்ணில் வந்து சந்தித்தன. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873) கண்ணைப் பற்றிப் பத்து மகாலாக்கள் எழுதினார். கண்ணின் உறைகளுக்கு அரபு மருத்துவர் வழங்கிய பெயர்கள் உவமையால் அமைந்தவை: கொம்பு போன்றது கர்னிய்யா, திராட்சை போன்றது இனபிய்யா, வலை போன்றது ஷபகிய்யா. ஷபகிய்யாவை இலத்தீனில் பெயர்த்ததால் பிறந்ததே ரெட்டினா என்னும் சொல். பனிக்கட்டியை ஒத்த ஜலீதிய்யா, அதாவது விழிவில்லை, கண்ணின் நட்டநடுவே உள்ளதென ஹுனைன் கொண்டார்.

பஸராவில் 965இல் பிறந்த இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாளிர்' நூலில் கண்ணைக் கோளங்களின் அடுக்காக வைத்து ஆராய்ந்தார். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி கண்ணெங்கும் பரவுமாயின் காட்சி கலங்கிப் போகாதோ? செங்குத்தாக விழும் கதிரே காட்சிக்கு உதவும் என்று அவர் விடை கண்டார். அவ்விடை நிற்க வேண்டுமாயின், கர்னிய்யாவும் ஜலீதிய்யாவின் முன்பரப்பும் ஒரே மையம் கொண்டிருக்க வேண்டும். கண்ணின் கூறுகளை மருத்துவ நூல்களிலிருந்தே எடுத்துக்கொண்ட அப்பேரறிஞர், இங்கே கணிதத்துக்கு வேண்டியபடி உடலை வளைத்துவிட்டார் என்றே சொல்லத் தோன்றுகிறது. காட்சி விழிவில்லையில் நிகழ்கிறது என்றும் அவர் கருதினார். பிம்பம் விழுவது ரெட்டினாவில் என்பதை 1604இல் கெப்ளர் நிறுவினார். எல்லாம் நம் முன்னோர் கிதாபுகளிலேயே இருக்கிறது என மேடைதோறும் முழங்குவோர் இப்பகுதியைப் படிப்பதில்லை போலும். இப்னுல் ஹைதமின் பெருமை, கேள்வியைச் சரியாகக் கேட்டதில் இருக்கிறது; கெப்ளர் தொடங்கியதும் அக்கேள்வியிலிருந்துதான்.

சரபோஜி 1832இல் மறைந்தார். உயிர்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்னும் கொள்கையை ஷ்லைடனும் ஷ்வானும் வெளியிட்டது 1838, 1839ஆம் ஆண்டுகளில். அவருடைய ஓவியர் தீட்டிய வெண்படலத்தின் உள்ளே என்ன நிகழ்ந்தது என்பதை அக்காலத்தில் எவரும் அறிந்திருக்க இயலாது. இன்று அறிவோம். விழிவில்லையின் உயிரணுக்கள் நீண்ட இழைகளாகி, தம் உட்கருவையும் இழந்து, நெருங்கி அடுக்கப்பட்டுள்ளன. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒவ்வோர் இழையும் அறுகோணம். தேனடை போன்ற ஒழுங்கு. அவ்வொழுங்கால்தான் ஒளி தடையின்றி ஊடுருவுகிறது. இழைகளுள் இருக்கும் புரதம் திரளும்போது ஒளி சிதறுகிறது, புரை விழுகிறது. 'நுஸூலுல் மாஃ', நீர் இறங்குதல், என்று அரபு மருத்துவர் அழைத்தது இதனையே.

சில ஆண்டுகளுக்கு முன், குர்பானி ஆட்டின் கண் ஒன்றை வீட்டுப் பிள்ளைகள் முன் அறுத்துப் பார்த்தோம். அருவருத்து விலகியவர்கள்கூட, கோலிக்குண்டு போன்ற அந்த வில்லை வெளிவந்ததும் அருகே வந்துவிட்டனர். அது நடுவில் இல்லை, முன்புறமாக இருந்தது. ஹுனைனின் வாசகத்தை மனனம் செய்திருந்த நமக்கே அன்றுதான் அது தெரிந்தது.

முக்தாம்பாள் சத்திரம் உள்ள அதே ஒரத்தநாட்டில் 2012இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. தந்தத்தில் எலும்புக்கூடு தேடிய மன்னரின் சத்திரத்து ஊரில், இன்று விவசாயிகளின் பிள்ளைகள் மாட்டின் எலும்பைக் கையிலெடுத்துப் பெயர் சொல்லிப் படிக்கிறார்கள்.